மூடியில் 18 ஸ்க்ரூ

வணக்கம் அக்கா,

நானும் என் நண்பனும் வீட்டிலேயே செய்த 1.5 கிலோ சண்டை ரோபோவை எடுத்துக்கொண்டு போன மாதம் முதல்முறையாக ஒரு போட்டிக்குப் போனோம். கிடைமட்டமாகச் சுழலும் பிளேடுதான் எங்கள் ஆயுதம். முதல் சண்டையில் எதிராளியின் டிரம், அதாவது சுழலும் உருளை ஆயுதம், எங்கள் வலது சக்கரத்தைப் பிய்த்துவிட்டது. நடுவர் தீர்ப்பில் தோற்றோம். அது சரியான தீர்ப்பில்லை, நாங்கள்தான் அதிகம் தாக்கினோம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்பதால் இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஆனால் மேல் மூடியில் 18 ஸ்க்ரூ. அதில் இரண்டின் தலை வழுக்கிவிட்டது. மூடியைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. உள்ளே வலது மோட்டார் எரிந்திருந்தது, மாற்று மோட்டார் இல்லை. எங்களை ஜெயித்தவரே வந்து தன்னிடம் இருந்த மோட்டாரைத் தருவதாகச் சொன்னார். பரிதாபப்பட்டுக் கொடுப்பதை வாங்க மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டோம்.

அடுத்த முறை செங்குத்துச் சுழலிக்கு மாறலாமா? வீட்டில் வேறு ‘உடைவதற்கென்றே ஒன்றை எதற்குச் செய்கிறாய்’ என்று கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

எந்த ஆயுதம் நல்லது என்று கேட்டு வரும் கடிதங்களைப் பெரும்பாலும் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவேன். உங்களுடையதை வைக்க முடியவில்லை. இரண்டு சண்டைக்கு நடுவே மேசையில் நடக்கிற வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆயுதத்தைப் பற்றிக் கேட்க வந்து, கடிதம் முழுக்க அந்த மேசையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க டிவி போட்டியான பேட்டில்பாட்ஸின் 2015 இறுதிச் சண்டையில் செங்குத்துச் சுழலி வைத்த பைட் ஃபோர்ஸ், கிடைமட்ட பிளேடு வைத்த டூம்ஸ்டோனைத் தோற்கடித்தது. அடுத்த வருடம் பட்டம் வாங்கியது அதே டூம்ஸ்டோன். அதற்கெல்லாம் முன்பே இங்கிலாந்தின் ரோபோட் வார்ஸ் டிவி போட்டியில் கேயாஸ் 2 என்ற ரோபோ எதிராளியைத் தூக்கி எறிகிற ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தது. ஆகவே எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். செங்குத்துச் சுழலி செய்தால் வேகத்தின் மேல் மட்டும் ஆசை வைக்காதீர்கள். விநாடிக்கு 100 சுற்று சுற்றுகிற ஆயுதத்தோடு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினால், ஒரே பல் இருந்தால் அது எதிராளிக்குள் 3 சென்டிமீட்டர்வரை நுழையும். இரண்டு பல் வைத்தால் ஒன்றரைதான். இன்னும் வேகமாகச் சுற்றினால் அது எதிராளியைச் சுரண்டும், கடிக்காது.

நடுவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு சக்கரம் போன ரோபோ நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். சேதத்தையும் கட்டுப்பாட்டையும் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் அதற்கு என்ன போடுவார்கள்? விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 18 ஸ்க்ரூவுக்கு வருகிறேன்.

சண்டை இரண்டு அல்லது மூன்று நிமிடம். பல போட்டிகளில் அடுத்த சண்டைக்கு முன் 20 நிமிடம்தான் உறுதியாகக் கிடைக்கும். அதற்குள் பேட்டரியை மாற்ற வேண்டும், நெளிந்ததை நிமிர்த்த வேண்டும், சக்கரங்களையும் வயர்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும், திரும்ப மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்க்ரூவுக்கு கால் நிமிடம் என்று வைத்தாலும் கழற்ற நாலரை நிமிடம், மாட்ட நாலரை நிமிடம். பாதி நேரம் போயே போய்விட்டது, இன்னும் எதையும் சரிசெய்யவில்லை. தம்பி, அந்த மூடிக்கு 18 துளை குறித்த அன்றைக்கே நீங்கள் இரண்டாவது சண்டையைத் தோற்றுவிட்டீர்கள்.

தலை வழுக்கியது துரதிர்ஷ்டம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. இல்லவே இல்லை. அடி வாங்கியதும் மூடி ஒரு மயிரிழை நகரும். அதோடு எல்லா ஸ்க்ரூவும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு இறுகிக்கொள்ளும். வீட்டில் விரலால் சுழற்றியதை அங்கே முழுப் பலம் கொடுத்துத் திருக வேண்டும். உங்கள் ஆலன் கீயின் முனையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆறு விளிம்பும் கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா? உருண்ட கீயைச் சின்ன ஸ்க்ரூவில் விட்டுப் பலமாகத் திருகினால் தலை வழுக்கத்தான் செய்யும். அப்படி வழுக்கினால் அங்கேயே நின்று போராடக் கூடாது. ரோட்டரி கருவியால் தலையின் குறுக்கே ஒரு கோடு வெட்டி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகி எடுக்க வேண்டும். அதற்கும் வரவில்லையென்றால் தலையையே துளைபோட்டு எடுத்துவிட வேண்டும்.

எத்தனை அளவு ஸ்க்ரூ போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று அளவு இருந்திருக்கும், கிடைத்ததைப் போட்டிருப்பீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். வெளியிலிருந்து கழற்றுகிற எல்லாமே ஒரே அளவாக, ஒரே கீயில் கழல்வதாக இருக்கட்டும். பேட்டரிக்குத் தனியாக ஒரு சிறு கதவு, அதற்கு இரண்டே ஸ்க்ரூ. பேட்டரியை மாற்ற முழு மூடியையும் திறக்கிற ரோபோவை நான் எங்கே பார்த்தாலும் செய்தவரைக் கூப்பிட்டு இதைச் சொல்வேன், உங்களிடம் மட்டுமில்லை. சக்கரம், கியர், மோட்டார் மூன்றையும் ஒரே கட்டாகச் செய்து நான்கு போல்ட்டில் உடம்போடு மாட்டுங்கள். வயரை சால்டர் செய்து நிரந்தரமாக்காமல் கனெக்டர் வையுங்கள். அதே மாதிரி இன்னொரு கட்டு பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். அடிபட்ட கட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை மாட்டிவிடலாம். பழுதை வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம்.

போல்ட்டை அலுமினியத்தில் போட்ட மரையில் நேராக முறுக்காதீர்கள். நாலு முறை கழற்றி மாட்டினால் அந்த மரை தேய்ந்துவிடும். துளையைக் கடந்து மறுபக்கம் நைலான் வளையம் வைத்த நட்டில் முறுக்குங்கள். அதிர்வில் கழலாமலிருக்க லாக்டைட் பசை போடுவதானால் நீல நிறத்தைப் போடுங்கள். சிவப்பைப் போட்டால் சூடுகாட்டாமல் கழலாது. பாலிகார்பனேட் மூடிக்குப் பக்கத்தில் எந்த நிறமும் போக வேண்டாம், பட்ட இடத்தில் விரிசல் விடும்.

அப்புறம் அந்த மோட்டார். சக்கரம் பிய்ந்ததனால் மோட்டார் எரியாது. அந்த அடியில் அச்சு வளைந்து கியர் பூட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பதற்றத்தில் ரிமோட்டின் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளிப் பிடித்திருப்பீர்கள். சுற்ற முடியாமல் நின்ற மோட்டார், சுற்றும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அத்தனையும் சூடாகும். சில விநாடி போதும், சுருளின் மேல்பூச்சு கருகிவிடும். ஒரு பக்கம் அசையவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்திருந்தால் மோட்டார் பிழைத்திருக்கலாம். அந்தப் பக்கத்து ஈஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பலகை) அடிபட்டிருக்கலாம், சோதித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது. மூடியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அந்த நேரமெல்லாம் பிளேடில் பூட்டு போட்டிருந்தீர்களா? மின்சாரத்தைத் துண்டிக்கிற லிங்கைப் பிடுங்கியிருந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரைக் கிலோதானே என்று நினைக்காதீர்கள். அந்த பிளேடுக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை. ரோபோவை அரங்கிலிருந்து எடுக்கும் முன்பே பூட்டு, அடுத்து லிங்க், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பேட்டரி உப்பியிருந்தாலோ, உறையில் குத்து விழுந்திருந்தாலோ அதைத் திரும்ப சார்ஜ் செய்யவே கூடாது. லிப்போ பேட்டரி தீப்பிடித்தால் லேசில் அணையாது.

சரி, இவ்வளவு நேரம் திட்டியதெல்லாம் சில்லறை. நீங்கள் செய்த பெரிய தவறு அந்த மோட்டாரை வேண்டாம் என்றது.

நாங்கள் கலந்துகொண்ட ஒரு போட்டியில் முதல் சண்டை முடிந்து வந்து பார்த்தால் ஆயுதம் சுற்றவில்லை. மோட்டார் நன்றாக இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தது. எங்கே போயிற்று என்று தெரியாமல் நானும் என் தோழியும் முழித்துக்கொண்டிருந்தோம். எங்களை அடித்துப்போட்டவர் தன் ரோபோவை அப்படியே வைத்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். எதையும் கேட்கவில்லை. லிங்க் வெளியே இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலில் பிடித்து மெதுவாக வளைத்துக்கொண்டே போனார். ஒரு வயர் சால்டர் முடிகிற இடத்தில் மட்டும் அளவுக்கு மீறி வளைந்தது. உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்திருந்தன. உருகிய ஈயம் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஏறிக் கம்பி மாதிரி விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வு வயரை ஒடிக்கும் என்று வேலை செய்துகொண்டே சொன்னார். புதிதாக சால்டர் செய்து, அந்த இடம் வளையாதபடி மேலே சூட்டுப் பசையை வைத்து, வயரை உடம்போடு சேர்த்துக் கட்டினார். அதோடு எங்கள் ஈஎஸ்சியும் போயிருந்தது. தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஈஎஸ்சியை வைத்து அடுத்தடுத்து ஜெயித்துக்கொண்டே வந்தோம். அவரோடு திரும்ப மோதுகிற இடத்துக்கே வந்துவிட்டோம். அந்தச் சண்டைக்குக் கொஞ்ச நேரம் முன்பு அவருடைய ஈஎஸ்சி புகைந்துவிட்டது. கொடுத்தது அவர் வைத்திருந்த கடைசி ஒன்று என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. என் தோழி ஒன்றும் பேசாமல் எங்கள் மூடியைத் திறந்து அதைக் கழற்ற ஆரம்பித்தாள். பக்கத்து மேசையில் இருந்த பையன், முந்தின சுற்றில் எங்களிடம் தோற்றவன், தன் ரோபோவிலிருந்ததைக் கழற்றி எங்களிடம் நீட்டினான். அவனுக்கு அன்றைக்கு வேறு சண்டை இல்லை. இரண்டு ரோபோவும் முழுசாக அரங்குக்குள் போயின. அவர்தான் ஜெயித்தார்.

அங்கே யாரும் யார்மேலும் பரிதாபப்படவில்லை, எஸ். ஓடாத ரோபோவை ஜெயிப்பதில் அவருக்கு என்ன இருக்கிறது? அவரும் பல மாதம் உழைத்து, விடுமுறையெல்லாம் செலவழித்து வந்திருக்கிறார். எதிரே நல்ல ரோபோ இருந்தால்தான் தன்னுடையது எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு மோட்டார் கொடுக்க வந்தவரும் அதைத்தான் கேட்டு வந்தார். நீங்கள் அவரிடமிருந்து ஒரு சண்டையைப் பறித்துவிட்டீர்கள், உங்கள் நண்பரிடமிருந்தும்தான். நண்பரைக் கேட்டீர்களா, அந்த மோட்டாரை வாங்கலாமா வேண்டாமா என்று? ‘சொல்லிவிட்டு விலகிக்கொண்டோம்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த முடிவை நீங்கள் ஒருவர்தான் எடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ரோஷம் சண்டைக்குள் இருக்கட்டும், நல்லதுதான். மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

இப்படிக் கடுமையாக எழுதுவதற்குக் காரணம், நீங்கள் நல்ல ரோபோ செய்கிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. முதல் போட்டியிலேயே டிரம்மோடு கடைசி நிமிடம்வரை நின்று நடுவர் தீர்ப்புக்குப் போவது சின்ன விஷயமில்லை. அதற்காக உங்களைக் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் கேட்பதற்குப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். 1994இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ரோபோட் வார்ஸை நடத்திய மார்க் தோர்ப், ரிமோட்டில் ஓடுகிற வாக்குவம் கிளீனர் செய்யப்போய்த்தான் இந்தப் பக்கம் வந்தார். நீங்கள் வீட்டில் மிக்சியைப் பழுதுபார்த்துக் கொடுங்கள், கேள்வி தானாக நின்றுவிடும். உடைவதற்கென்று யாரும் செய்வதில்லை. எங்கே உடைகிறது என்று பார்த்து அடுத்த முறை அந்த இடத்தை மாற்றுகிறோம். உங்கள் அச்சு எந்த இடத்தில் வளைந்தது என்று பார்த்தீர்களா? சக்கரத்தைத் தாங்குகிற பேரிங் ஒரே பக்கம்தான் இருந்தது என்றால் மறுபக்கமும் ஒன்று வையுங்கள்.

அடுத்த போட்டிக்குப் பதிவு செய்வதற்கு முன் ஒரு நாள் மாலை நீங்களும் நண்பரும் உட்காருங்கள். ரோபோவை முழுசாக மூடி நடுவில் வையுங்கள். கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்துவிட்டு, வலது பக்க மோட்டார் போய்விட்டது என்று நண்பர் சொல்லட்டும். பூட்டு, லிங்க், மூடி, மோட்டார், புதுப் பேட்டரி, திரும்ப மூடி, சக்கரங்களைச் சுற்றிப் பார்ப்பது வரை எல்லாம் முடிய வேண்டும். அடுத்த தடவை இடது பக்கம், அதற்கடுத்து ஆயுதத்தின் பெல்ட். 12 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள். வராவிட்டால் மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா