நாலு பிராசஸ் ஓடியும் டிக்ஷனரி ஏன் காலியா இருக்கு?

கேள்வி: பைத்தான்ல மல்டிபிராசசிங் வச்சு லாக் ஃபைல்களை நாலு பிராசஸுக்குப் பிரிச்சு விடுறேன். எந்த எரர் எத்தனை தடவை வந்துச்சுன்னு ஒரு குளோபல் டிக்ஷனரில எண்ணுறேன். உள்ள பிரின்ட் போட்டா கணக்கு சரியா வருது, எல்லாம் முடிஞ்சு வெளிய பாத்தா காலி. இதே கோடு த்ரெட்ல ஓடுச்சே?

பதில்: த்ரெட்ல ஓடுனதுக்குக் காரணம், எல்லா த்ரெட்டும் ஒரே மெமரியில இருக்கு. பிராசஸ் அப்படி இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனி மெமரி. லினக்ஸ்ல ஃபோர்க் ஆகும்போது, அதாவது ஓடிட்டிருக்கிற பிராசஸை நகல் எடுத்து புதுசு உருவாக்கும்போது, அந்தக் குழந்தை பிராசஸுக்கு உங்க டிக்ஷனரியோட ஒரு நகல் போகுது, அது எண்ணுறது எல்லாம் அந்த நகல்லதான், பிராசஸ் முடிஞ்சதும் நகலும் போச்சு. விண்டோஸ்லயும் மேக்லயும் ஸ்பான் முறை, அதாவது பைத்தானையே புதுசா தொடங்கும், அங்க நகல் கூட கிடையாது, உங்க ஃபைலையே முதல்ல இருந்து மறுபடி இம்போர்ட் பண்ணும். லினக்ஸ்லயும் பைத்தான் 3.14 வெர்ஷன்ல இருந்து டீஃபால்ட் ஃபோர்க் இல்ல, ஃபோர்க்சர்வர், அதாவது தனியா ஒரு சர்வர் பிராசஸ் இருந்து குழந்தைகளை உருவாக்கும். இன்னொண்ணு, ஃபோர்க் பண்ணிட்டு ரெண்டு பக்கமும் ஐடி ஃபங்ஷன் (மெமரி அட்ரஸைக் காட்டுறது) போட்டுப் பாத்தீங்கன்னா ஒரே நம்பர்தான் வரும், அதை நம்பி ஒரே டிக்ஷனரின்னு முடிவு பண்ணிடாதீங்க, அது வெறும் விர்ச்சுவல் அட்ரஸ், பின்னாடி இருக்கிற ரேம் வேற வேற.

உங்க வேலைக்கு ஷேரிங்கே தேவையில்லைங்க. ஒவ்வொரு பிராசஸும் தன் ஃபைலுக்கு ஒரு கவுன்டர் (எண்ணுறதுக்கான டிக்ஷனரி) வச்சு எண்ணி ரிட்டர்ன் பண்ணட்டும், பூல் மேப்ல (வேலையைப் பிராசஸ்களுக்குப் பிரிச்சு விட்டு பதில்களை வாங்கித் தர்றது) வர்றதை மெயின் பிராசஸ்ல கூட்டிக்கோங்க. லாக்கும் (லாக் ஃபைல் இல்ல, ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் விடுற பூட்டு) வேண்டாம், சண்டையும் இல்ல. என்னைக் கேட்டா பாதிக்கு மேல கேஸ்ல இது போதும்.

க்யூ (பிராசஸ்களுக்கு நடுவுல டேட்டா அனுப்புற வரிசை) வச்சு அனுப்புறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. முதல்ல ஜாயின் (குழந்தை பிராசஸ் முடியுற வரை காத்திருக்கிறது) போட்டுட்டு அப்புறமா க்யூல இருந்து எடுக்கலாம்னு எழுதினா புரோகிராம் தொங்கிடும். க்யூக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு பைப், லினக்ஸ்ல பொதுவா 64 கேபி பிடிக்கும், அது நிரம்பிட்டா குழந்தை பிராசஸ் மிச்சத்தை எழுத முடியாம நிக்கும், நீங்க அது முடியணும்னு நிப்பீங்க. சின்ன டேட்டால டெஸ்ட் பண்ணும்போது நல்லா ஓடும், அதனாலதான் எனக்கு ஒரு ராத்திரி முழுக்க போச்சு. முதல்ல எடுங்க, அப்புறம் ஜாயின்.

ஒரு நம்பரை மட்டும் பொதுவா வைக்கணும்னா மல்டிபிராசசிங்ல வேல்யூன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள லாக் இருக்குன்னு தைரியமா பிளஸ் ஈக்வல் ஒண்ணுன்னு எழுதுறாங்க, அது தப்பு. படிக்கும்போது ஒரு தடவை லாக், எழுதும்போது இன்னொரு தடவை லாக், நடுவுல திறந்து கிடக்கு. ஒரு பிராசஸ் 41ஐப் படிக்குது, அது எழுதுறதுக்குள்ள இன்னொண்ணும் 41ஐப் படிக்குது, ரெண்டும் 42னு எழுதுது, 43 வரவேண்டிய இடத்துல ஒண்ணு காணாமப் போச்சு. கெட்_லாக்கை வித் போட்டு எடுத்து, அதுக்குள்ள கூட்டுங்க.

மேனேஜர் டிக்ஷனரி (தனி பிராசஸ்ல இருந்து எல்லாருக்கும் பொதுவா கிடைக்கிறது) வசதியா இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவை தொடும்போதும் டேட்டா பிக்கிள் ஆகி, அதாவது பைட்டுகளா மாறி, இன்னொரு பிராசஸுக்குப் போய் வரணும், லட்சக்கணக்குல எண்ணினா ஆமை வேகம்தான். அதுக்குள்ள சாதா லிஸ்ட் வச்சு அப்பெண்ட் பண்ணினா மாற்றம் சேராது, லிஸ்டை வெளிய எடுத்து மாத்தி திரும்ப அதே கீல வைக்கணும்.

நிஜமாவே ஷேர்டு மெமரி (எல்லா பிராசஸும் பாக்குற பொது மெமரி) வேணும்கிறது பெரிய நம்பை அரேக்குத்தான் (நம்பை லைப்ரரியோட எண் வரிசை). பத்து கோடி ஃப்ளோட்64னா (ஒவ்வொண்ணும் 8 பைட்) 800 எம்பி, அதை நாலு பிராசஸுக்கு பிக்கிள் பண்ணி அனுப்புறது கொடுமை. பைத்தான் 3.8ல வந்த ஷேர்டு_மெமரி மாட்யூல்ல ஒரு தடவை இடம் ஒதுக்கி, பேரை மட்டும் அனுப்பினா எல்லாரும் அதே இடத்தைப் படிக்கலாம். படிக்க மட்டும்னா லாக் வேண்டாம், ரெண்டு பேர் ஒரே இடத்துல எழுதினா கட்டாயம் வேணும். முடிஞ்சதும் எல்லா பிராசஸும் க்ளோஸ் (தன் பக்கத்து இணைப்பை மூடுறது), உருவாக்கினவர் மட்டும் ஒரே ஒரு தடவை அன்லிங்க் (அந்த மெமரியையே விடுவிக்கிறது).