தோபா ஏரிக்குப் போன மாப்பிள்ளை

கேள்வி: எங்க மாப்பிள்ளை ஸ்கூல் லீவு விட்டா போதும், குடும்பத்தோட ஃப்ளைட் ஏறிடுவார். போன மாசம் இந்தோனேசியாவுல மேடான், தோபா ஏரி. நான் வீட்டுல உக்காந்து படிக்கிற ஆளு. "மாமா, நீங்க நூறு புக் படிச்சாலும் நான் போற ஒரு ட்ரிப்புக்கு ஈடாகுமா"ன்னு கிண்டல் பண்றார். நீங்களே சொல்லுங்க, எது பெருசு?
- சிங்கப்பூர் யீஷூன் வாசகர்

பதில்: மாமன் மாப்பிள்ளை பஞ்சாயத்துல என்னைய ஏன் சார் இழுக்குறீங்க. சரி, இழுத்தாச்சு.

முதல்ல மாப்பிள்ளைக்கு. தோபாவுல போட்டோ எடுத்திருப்பார்ல, அவர் நின்னது வெறும் ஏரிக்கரை இல்ல, எரிமலையோட வாய். சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சு, உள்வாங்கி, அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கினதுதான் ஏரி, அப்ப பறந்த சாம்பல் ஆந்திராவுல கர்னூல் பக்கம் வரைக்கும் படிஞ்சு கிடக்கு. செல்ஃபியில இது விழாது.

அப்புறம் மேடான். தோபாவுக்குப் போற நம்மாளுங்க நிறையப் பேருக்கு மேடான்னா ஏர்போர்ட்தான், இறங்கினதும் வேன்ல ஏறித் தூங்கிடுவாங்க. எழுத்தாளர் ப. சிங்காரம் 1938ல பிழைக்கப் போன ஊர் அது, 1946ல மதுரைக்குத் திரும்பினவர் அங்க பார்த்ததையெல்லாம் வச்சு எழுதினதுதான் 'புயலிலே ஒரு தோணி' நாவல், புத்தகமா வந்தது 1972ல. அந்தக் காலத்துல தமிழ்நாட்டுலேர்ந்து கப்பலேறின ஆயிரக்கணக்கான பேரும் பார்த்தது அதே கடல், அதே கடைத்தெருதான், எல்லாரும் எழுதிடலையே. இதை மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க.

நீங்க ரொம்ப சிரிக்காதீங்க. நானும் உங்க கட்சியிலதான் இருந்தேன். அந்த நாவலை ரெண்டு தடவை படிச்ச தைரியத்துல மேடான் போயி கெசாவன் தெருவுல அரை நாள் அலைஞ்சேன். கதையில வர்ற டச்சு ஆட்சிக்காலத் தெருப் பேரெல்லாம் போர்டுல தேடினா எங்க இருக்கும், கெசாவனே இப்ப அகமது யானி சாலை. எதிர்ல வந்த மோட்டார்சைக்கிள்காரன் திட்டிட்டுப் போனான், நியாயந்தான். கடைசியா நம்மாளுங்க குடியேறின கம்போங் மெட்ராஸ், அங்க 1884ல கட்டின மாரியம்மன் கோயில். வாசல்ல ஒரு பெரியவர் "ஊரு எங்க?"ன்னு தமிழ்ல கேட்டார், சிங்கப்பூர்னேன், அடுத்த வாக்கியத்துக்கு அவர்கிட்ட தமிழ் இல்ல. நம்ம பசார் மலாயை, அதான் கடைத்தெருவுல பேசுற மலாயை, வச்சு ஒப்பேத்தினேன். அவர் கையில விபூதித் தட்டு, மூக்குல சாம்பிராணி, நடுவுல முழிச்சிட்டு நிக்கிறேன். இதுக்கு எந்தப் புத்தகமும் என்னைத் தயார் பண்ணலை.

வீட்டுக்கு வந்து மூணாவது தடவை எடுத்தேன். இந்தத் தடவை யாரு எந்தத் தெருவுலேர்ந்து எந்தத் தெருவுக்கு நடக்குறாங்கன்னு காலே கணக்கு சொல்லுச்சு. அதனால என்னைக் கேட்டா, போயிட்டு வந்து படிக்கிறதுதான் லாபம். முன்னாடியே முழுசா படிச்சுட்டுப் போனா கண்ணு ஊரை விட்டுட்டுப் புத்தகத்தையே தேடும், என்னை மாதிரி.

மாப்பிள்ளை இப்பதானே வந்திருக்கார், சூட்கேஸ்கூட இன்னும் ஹால்லதான் கிடக்கும். நாவலை அவர் கையில குடுங்க. நீங்க அடுத்த லீவுக்கு அவங்களோட கிளம்புங்க. மேடானுக்கு ஒன்றரை மணி நேரந்தான், சனிக்கிழமை ஜோகூர் போற காஸ்வே பாலத்து ஜாம்ல இதைவிட அதிகமா நிக்கிறோம். ஜன்னல் சீட் கேட்டுப் பாருங்க, பேரப்பிள்ளைங்க குடுக்க மாட்டாங்க.