பழைய ஒளிப்படத்தில் பேக்பைப் என்னும் பைக்குழல் வாசிப்பவரின் கில்ட்டை, அதாவது பாவாடை போன்ற ஸ்காட்லாந்து உடையைப் பார்த்து, அவர் எந்த ஸ்காட்லாந்துக் குலம் என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பைப் பேண்டில் எல்லாரும் ஒரே கட்டம்போட்ட துணியைத்தான் உடுத்துவார்கள். அது பேண்டுக்கோ படைப்பிரிவுக்கோ உரிய டார்டன் (கட்ட வடிவம்), வாசிப்பவரின் குடும்பத்துக்கு உரியதாக இருக்க வேண்டியதில்லை. 'ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன்' என்ற வழக்கமே 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1822-இல் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜ் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு வந்தபோது எழுந்த ஆரவாரம் அதற்குப் பெரிய தூண்டுதல்.

இன்னொரு சிக்கல், நிறம். அந்தக் காலத்து ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை எளிதில் பிடிக்கும், சிவப்பைப் பிடிக்காது. அதனால் சிவப்புக் கட்டம் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் தெரியும். படத்தைப் பார்த்து நிறத்தை ஊகித்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

துணியை விட்டுவிட்டுத் தொப்பியைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் சின்னம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காட்டுப்பன்றித் தலையும் காட்டுப்பூனையும் இருந்தால் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவு. ஐவி இலை வளையத்துக்குள் கலைமான் தலை என்றால் கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவு. பிறகு படையின் ஆவணங்களில் பெயரைத் தேடலாம்.

படம் ஒட்டிய அட்டையின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் அங்கே அச்சாகியிருக்கும். அந்த முகவரியில் கடை எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பழைய ஊர் விவரப் புத்தகங்களில் பார்த்தாலே படத்தின் காலம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். படத்தில் இருப்பவர் பெயரை யாராவது பென்சிலில் கிறுக்கி வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.