அழித்தாலும் திரும்பி வரும் செக் இன்ஜின் லைட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2014 மாடல் பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஷெட்டில் ஸ்கேனர் போட்டு அழித்துத் தருகிறார்கள், ஒரே வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண், அதாவது கோடு, பி0171. ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியும் தீரவில்லை. (காட்பாடி)

பதில்: நன்றாக இருந்த சென்சாரைத்தான் மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பி0171 என்றால் பெட்ரோலுக்கு மிஞ்சி காற்று இருக்கிறது. அதைக் கண்டு சொன்னதே அந்த சென்சார். காற்று எங்கே கூடுகிறது, இல்லை பெட்ரோல் எங்கே குறைகிறது என்றுதான் தேட வேண்டும்.

இன்ஜின் சூடானதும் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் ஷார்ட் (உடனடித் திருத்தம்), லாங் (நீண்டகாலத் திருத்தம்) இரண்டும் சேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் வேக்யூம் லீக்கை, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும் ஓட்டையைத் தேடுங்கள். ஐடிலிங்கில் சரியாக இருந்து, பெங்களூர் ரோட்டில் மிதிக்கும்போது ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு. (காற்றை அளக்காமல், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள காரில் லீக் இருந்தால் ஐடிலிங் தானாக ஏறுவதே முதல் அடையாளம்.)

நம் வேலூர் வெயிலில் பத்து வருட ரப்பர் ஹோஸ் இறுகித்தான் போயிருக்கும். மேலாகப் பார்த்தால் தெரியாது. இன்ஜின் ஆறியபின், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) சொருகியிருக்கும் முனையைக் கழற்றி மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு வாய் திறக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் விடாதீர்கள். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே) அடித்து லீக் தேடுபவர்கள் உண்டு. சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம். புகை விட்டுச் சோதிக்கும் ஷெட்டாகப் பாருங்கள்.

கேள்வி: ஏலகிரி ஏறும்போது லைட் சிமிட்டியது, வண்டி திணறியது. மேலே போனதும் சிமிட்டல் நின்று எரிந்தபடியே இருந்தது. அப்படியே ஓட்டி வந்துவிட்டேன். (ஆம்பூர்)

பதில்: சிமிட்டினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். அடுத்த முறை உடனே ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, இடம் கிடைத்ததும் ஓரம் கட்டுங்கள்.

ஏற்றத்தில் லோடு விழும்போதுதான் பலவீனமான காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவது) காட்டிக்கொடுக்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காரா? பி0302 (இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) வந்திருந்தால், இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் போயிருக்கிறது. பி0302-ஆகவே வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் நான்கு காயிலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் லைட் அணைகிறதே, போதாதா? (குடியாத்தம்)

பதில்: கோளாறு அப்படியேதான் இருக்கும். கோடும், அது விழுந்த நொடியில் பதிவான வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாமும் அழிந்துபோகும். அப்புறம் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முதலில் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு அழிக்கலாம்.

கேள்வி: கோடு பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைவு). கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். (ராணிப்பேட்டை)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பக்கம் டிக் டிக் சத்தம் வருகிறதா, கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். அங்கே கசிவு இருந்தாலும் இந்தக் கோடு விழும். கசிவு இல்லையென்றால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். சீரான வேகத்தில் 0.6, 0.7 வோல்ட்டில் பெரிதாக அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் குதித்தால் மாற்றத்தான் வேண்டும். ஆயில் குடிக்கும் இன்ஜினாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புதுக் கன்வெர்ட்டரும் கெட்டுவிடும்.