கேக் செய்யும்போது ஈரமானதையும் உலர்ந்ததையும் ஏன் தனித்தனியாகக் கலக்கச் சொல்கிறார்கள்?

மைதா, பேக்கிங் பவுடர், சமையல் சோடா, உப்பு, கோகோ எல்லாம் உலர்ந்த பக்கம். முட்டை, பால், தயிர், எண்ணெய் ஈரப் பக்கம். சர்க்கரையைப் பல செய்முறைகளில் ஈரத்தோடுதான் சேர்ப்பார்கள், கரைய வேண்டுமே!

விஷயம் மைதாவில் இருக்கிறது. ஈரம் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற இழுவையான பசையாகின்றன. கலக்கக் கலக்க அது வலுக்கும். பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து ஊறவைப்பதே இந்த இழுவைக்காகத்தான். அதனால்தான் வீசும்போது கண்ணாடி மாதிரி மெல்லிசாக விரிகிறது. அதே இழுவை கேக்கில் வந்தால்? ரப்பர்தான்.

இரண்டு பாத்திரத்திலும் தனித்தனியாக நன்றாகக் கலந்துவிட்டால், ஒன்று சேர்த்தபின் அதிகம் கிளற வேண்டியதில்லை. அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாததும் நிறுத்திவிடலாம். சோடாவும் ஒரே இடத்தில் கட்டியாக நின்று வாயில் கசக்காது. சலித்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

நிறைய அடித்தால் கேக் பஞ்சு மாதிரி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முட்டை, வெண்ணெய், சர்க்கரையை அடிக்கும் கட்டத்துக்குச் சரி, மைதா விழுந்த பிறகு அல்ல.