பிட்டர் படிப்பா என்று கலங்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. பத்தாவது முடித்த மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் (இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் தொழில்) படிப்பில்தான் சேருவேன் என்கிறான், சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எழுதியிருந்தீர்கள். ஜான் டீர் என்று எழுதிய பச்சை டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கொல்லரின் பெயர்.

1804-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் பிறந்தவர். இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அப்பா திரும்பவே இல்லை. அம்மா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். 17 வயதில் கொல்லுப்பட்டறையில் சேர்ந்து நாலு வருடம் தொழில் பழகினார். அப்புறம் சொந்தப் பட்டறை, தீ விபத்து, கடன். 1836-ல் இல்லினாய் பக்கம் போய்விட்டார்.

அங்கே மண் கறுப்பு, பிசுபிசுப்பு. வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரம் உழுவது, ஏரை நிறுத்தி மண்ணைச் சுரண்டுவது, மறுபடி உழுவது. உழவர்கள் அலுத்துப்போனார்கள். டீர் வெர்மான்டில் செய்த வைக்கோல் அள்ளும் கவைகளுக்கு நல்ல பெயர். அவ்வளவு வழுவழுப்பாக மெருகேற்றியிருப்பார். அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவியது. 1837-ல் மர அறுவை ஆலையில் உடைந்துகிடந்த ரம்பத்தின் எஃகை வைத்துக் கலப்பை செய்து, மண் படும் பரப்பைப் பளபளவென்று தீட்டினார். மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. 1848-ல் மிசிசிப்பிக் கரையிலுள்ள மொலினுக்குத் தொழிலை மாற்றினார். 1855-க்குள் பத்தாயிரத்துக்கும் மேல் விற்றுவிட்டது. அவர் கம்பெனி டிராக்டர் தொழிலில் இறங்கியது 1918-ல், அவர் இறந்து 32 வருடம் கழித்து.

பிட்டர் படித்தவரெல்லாம் முதலாளி ஆவதில்லை, அந்த ஆசையை உங்களுக்குக் காட்ட மாட்டேன். ஆனால் முதல் சில மாதம் இரும்புத் துண்டை அரத்தால் ராவி மட்டமாக்குவதுதான் பாடம். பார்க்கச் சின்ன வேலை. டீரைக் காப்பாற்றியதும் இந்த மாதிரி கைவேலைதான். வீட்டு மோட்டாரைத் தானே பிரித்து மாட்டினான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அந்தக் கையை நம்புங்கள்.

மேற்படிப்பு அடைபடுமோ என்ற பயம் வேண்டாம். இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. இடையில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சியும் உண்டு.

சேர்க்கும் முன் அவனையும் கூட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். வைஸைச் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பிடிகருவி) சுற்றி இரும்புத் தூள் சிந்தியிருக்கிறதா, லேத் (கடைசல் இயந்திரம்) ஓடுகிறதா, ஒரு அரத்துக்கு எத்தனை பையன்கள் காத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். எல்லாம் துடைத்துப் பூட்டிக் கிடந்தால் வேறு ஐ.டி.ஐ. பாருங்கள்.