பொம்மையை வகை பிரித்தால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. 40 சொற்கள்வரை தனித்தனியாகச் சொல்கிறான். இரண்டைச் சேர்த்துப் பேசுவதில்லை. பொம்மைகளை வகை பிரித்து அடுக்க வைத்தால் பேச்சு வரும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

பதில்: முதலில் காதைக் கவனியுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 2 வயதில் 50 சொற்களாவது பேசுவார்கள். ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று சேர்க்கவும் தொடங்கியிருப்பார்கள். அதனால், கூப்பிட்டால் திரும்புகிறான் என்றாலும் செவித்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் உரத்த சத்தம் கேட்கும், சொற்கள் தெளிவாகக் கேட்காது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) இலவசமாகவே பார்ப்பார்கள்.

வகை பிரிக்கும் விளையாட்டை இன்றே தொடங்கலாம். கூடையை அப்படியே கொட்டிவிடாதீர்கள், கவனம் சிதறும். நான்கு வண்டி, நான்கு விலங்கு, இரண்டு டப்பா போதும். ஒரு டப்பாவில் காரையும் மற்றதில் மாட்டையும் நீங்கள் போட்டுக் காட்டுங்கள். நிறம் பார்த்துப் பிரிப்பது இப்போது வேண்டாம். நிறத்தின் பெயர்கள் பொதுவாக 3 வயதையொட்டித்தான் பிடிபடும்.

அடுத்த பொம்மையை உங்கள் முகத்தருகே பிடித்து, ‘பஸ்... பஸ் உள்ளே’ என்று சொல்லிக் கையில் கொடுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பெற்றோருக்கு இதுதான் மிகவும் கடினம். ஆனால் குழந்தை சொல்லைத் தேடி எடுப்பது அந்த இடைவெளியில்தான். அவன் ‘பஸ்’ என்றால் நீங்கள் ‘பெரிய பஸ்’ என்று ஒரு சொல் கூட்டுங்கள். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும், வாயை மூடிக்கொள்வான். மாட்டை வண்டி டப்பாவில் போட்டால் ‘தப்பு’ என்னாமல், ‘மாடு இங்கே’ என்று சேர்ந்து மாற்றுங்கள்.

இது பழகியதும் எந்த டப்பாவிலும் சேராத ஒரு கரண்டியைக் கொடுங்கள். குழப்பத்தோடு உங்களைப் பார்ப்பான். ‘கரண்டி எங்கே?’ என்று நீங்கள் தொடங்கிவைத்தால் பேச்சுக்கு நல்ல வாய்ப்பு.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். டிவி அணைந்திருக்கட்டும், தூக்க நேரம் வேண்டாம். வாய்க்குள் முழுதாகப் போகும் அளவுள்ள பொம்மை, காந்தம், பட்டன் பேட்டரி எதுவும் கைக்கெட்டக் கூடாது.

பொம்மைகளை வரிசையாக வைப்பதிலேயே மூழ்கி, முகம் பார்க்காமல், விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தாலோ, முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டாலோ, வீட்டுப் பயிற்சியின் பலனுக்காகக் காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.